கம்பெனி சர்வீஸா, பீர் பட்டறையா

செவ்வாய்க் கிரகம். பயண நாள் 1. காலை 7:10. கீழக்குழிக் குடியிருப்பு.

எழுதுவது திருமலையப்பன், நிலவியல் ஆய்வாளர். வண்டி எண் 17. ஆறு சக்கரம், ஒரே ஆள். காற்றுத் தொட்டி நூறு சதவீதம். மின்கலம் நூறு. பன்னிரண்டு நாள் தனிப் பயணம், வடமேட்டில் பாறை மாதிரி எடுக்க.

வாரண்டி உள்ள வண்டி. கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் விட வேண்டும். அது முந்நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பதினெட்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குள் புழுதிக் காலம் வந்துவிடும். வேறு வழியில்லாமல் இங்கே பட்டறை வைத்திருக்கும் பீர் முகமதுவிடம் கொடுத்தேன். கடையநல்லூர்க்காரன். கதவு ரப்பரை மாற்றினான். ஒரிஜினல் இல்லை, அவனே வார்த்தது. சோதித்துக் காட்டு என்றேன். கதவைச் சுற்றி உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். நாடி பிடிக்கிற வைத்தியர் என்று நினைப்பு.

ஊரில் இன்று ஆயுத பூஜை. பீர் போன பிறகு கடைசிச் சந்தன வில்லையைக் குழைத்து ஸ்டீயரிங், கதவுப்பிடி, மாதிரிப் பெட்டி, தலைக்கு மேலே உள்ள வெள்ளை வட்டம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். வட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக. பார்க்க லட்சணமாக இருந்தது. கிளம்புகிறேன்.

நாள் 2. காலை 6:40. கீழக்குழியிலிருந்து 160 கி.மீ.

தொட்டி 71. தொண்ணூற்றாறு இருக்க வேண்டும்.

திரையில் இரவிலிருந்தே 'அறையில் பிராணவாயு குறைவு' என்று வருகிறது. குறைவு என்றால் வண்டி தானாகவே தொட்டியிலிருந்து எடுத்து விடும். விட்டுக்கொண்டே இருக்கிறது. அதெல்லாம் எங்கே போகிறது? வெளியே. எது வழியாக? புதிதாக மாற்றியது ஒன்றே ஒன்றுதான். எனக்கு மூச்சு முட்டவில்லை, தலை வலிக்கவில்லை. முட்டிய பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

பீரை ரேடியோவில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பதில்:

"அண்ணாச்சி, ரப்பர் கசியாது. கை வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புனேன். கசிஞ்சா அறையில அழுத்தம் எறங்கும்லா? எவ்வளவு காட்டுது?"

அழுத்தம் இறங்கவில்லை. கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குப் பேச வாய்ப்புக் கொடுப்பானேன்?

"நீங்க சொல்லலைன்னாலே எறங்கலன்னுதான் அர்த்தம். அப்பம் காத்து உணரிதான் பொய் சொல்லுது. தலைக்கு மேல வெள்ளையா ஒரு வலை இருக்கும், பாருங்க. அதுல ஏதும் தடவுனீங்களா? நேத்து பூசை போட்டீங்கல்லா?"

இவன் வேலையில் ஓட்டை, பழி என் பூஜைமேலா? எவ்வளவு திண்ணக்கம்! ரேடியோவை அணைத்துவிட்டேன். தெற்கே பீர் பட்டறை 160 கிலோமீட்டர். வடக்கே கம்பெனி 140. இனி இவன் முகத்தில் விழிப்பதாக இல்லை. வடக்கே போகிறேன்.

நாள் 2. காலை 7:15.

கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். வெளிப் பட்டறை, வெளி ரப்பர், பீர் முகமது என்று பெயர் முதற்கொண்டு எழுதினேன். இவன் இனி எவன் உயிரோடும் விளையாடக் கூடாது. எழுதி முடித்ததும் மனசு ஆறியது.

நாள் 2. காலை 10:20. கம்பெனிக்கு 60 கி.மீ.

தொட்டி 34. வண்டி திடீரென்று ஊர ஆரம்பித்துவிட்டது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர். கம்பெனியிலிருந்து செய்தி:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே! தங்கள் வண்டியில் அங்கீகாரமற்ற உதிரிபாகம் இருப்பதாகத் தாங்களே தெரிவித்துள்ளீர்கள். தங்கள் பாதுகாப்பு கருதி வேகம் குறைக்கப்பட்டுள்ளது. வாரண்டி ரத்தாகிறது. பரிசோதனைக்குத் தங்கள் முறை: ஒன்பதாம் நாள்."

பன்னிரண்டு மணி நேரப் பயணம். தொட்டி இறங்கும் வேகமோ ஏறிக்கொண்டே போகிறது, இரண்டரை மணி நேரம்கூட வராது. ஆபத்து என்று ஏழு முறை அனுப்பினேன். ஏழு முறையும் அதே மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்தான். பாவிகள். நடந்து போய்ச் சாகச் சொல்கிறார்களா?

நாள் 2. பகல் 12:10.

தொட்டி 3.

ஊர்கிற வண்டியில் செய்ய ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டது. கூரையில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி 'ஸ்ஸ்'. அறையில் அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடுகிற வால்வு அது. கசிகிற அறையில் அழுத்தம் எப்படி மிஞ்சும்?

நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை வட்டம் முழுக்கச் சந்தனம், காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். நகத்தால் சுரண்டினேன். செதில் மடியில் விழுந்தது. திரையில் பிராணவாயு சட்டென்று ஏறியது. 'மிக அதிகம்.' தொட்டி வழங்குவதை நிறுத்திக்கொண்டது. 'ஸ்ஸ்' நின்றது.

முப்பது வருஷமாக அறிவியல் படித்தவன் நான். அழுத்த முள்ளைக் கண்ணால் பார்த்தும் நம்பவில்லை. அவன் சொல்லிவிட்டானே என்பதற்காக நம்பவில்லை.

ரேடியோவைப் போட்டேன். சந்தனம்தான் என்று சொன்னேன். பீர் சொன்னான்:

"சரி விடுங்க அண்ணாச்சி. நேர்ல பேசிக்கிடலாம். நீங்க ரேடியோவ அணைச்சப்பவே காத்துத் தொட்டி ஒண்ண ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டேன். வண்டியத் தெக்க திருப்புங்க. அஞ்சு மணி நேரத்துல வந்துருவேன். பேசாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க."

திருப்பிவிட்டேன். தொட்டியில் மிஞ்சிய மூன்று, அழுத்தம் போதாமல் இனி வெளியே வராது. விண்வெளி உடையில் உள்ளதையும் அறைக் காற்றையும் சேர்த்தால் எனக்கு நாலு மணி நேரம்.

நாள் 2. பகல் 1:05.

புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், ரப்பரில் குறை இல்லை என்றும் கம்பெனிக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. இதற்கு மட்டும் வரிசை இல்லை.

"தங்கள் புகார் ஏற்கப்பட்டு, மேற்படி பட்டறையின் உரிமம் ரத்து செய்யப்பட்டது. ஏற்கப்பட்ட புகாரைத் திரும்பப் பெற இயலாது. தங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் அதற்கான காரணமும் அவ்வாறே பதிவாகும். ஒத்துழைப்புக்கு நன்றி."

என் சாவையும் அவன் கணக்கில்தான் எழுதப் போகிறார்கள். அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான். வெட்கமாக இருக்கிறது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

நாள் 2. மாலை 4:20.

தலை கனக்கிறது. எழுத்து கோணுகிறது. பீர் நடுநடுவே பேசுகிறான். "அண்ணாச்சி, இருக்கீங்களா?" என்கிறான். ரேடியோவை இரண்டு தட்டு தட்டுகிறேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்கிறான்.

இந்தக் குறிப்பேடு வண்டியோடு கம்பெனிக்குத்தான் போகும். அங்கே இதை வைத்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் பாறைக்கு எண் போடும் பேனாவால் கதவு ரப்பரில் எழுதியிருக்கிறேன். சுற்றி, நாலு பக்கமும். அழியாத மை. ரப்பரைக் கழற்றினாலும் எழுத்து அதிலேயே இருக்கும்.

கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் அதைப் படியுங்கள். பீர்தான் முதலில் படிப்பான். கதவைத் திறந்ததும் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் கை தானாக ரப்பருக்குத்தான் போகும், உள்ளங்கையால் ஒரு

கதவு ரப்பரில்:

இது கசியவில்லை. பொட்டு வைத்தது நான். தம்பி, உன் ரப்பர் நல்லாத்தான்