மேசையில் தட்டிய தாளம்

சிம்பாங் பூலாய்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஷர்வினுக்கு அம்மா எழுதுவது,

இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்கு இருப்பதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே பெர்த்தில் நீயும் மருமகள் பிரதீபாவும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் நம் தோட்டத்து மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தினம் போனில் முகம் பார்க்கிறோமே, அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பாப்பா உன் மடியில் இருக்கிறாள், பின்னால் பிரதீபா நடமாடுகிறாள், நான் ஏதாவது தொடங்கினால் நீ சாப்டியாம்மா, மருந்து போட்டியாம்மா என்று கேட்டு முடித்துவிடுகிறாய். இது நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது ஐயா. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவன்தானே, எழுத்துக்கூட்டியாவது கடைசி வரை படி. காலைப் பத்து மணிக்கு நம் டீக்கடையில் கூட்டம் ஓய்ந்ததும் இதை எழுதுகிறேன்.

மழை விடாமல் பெய்கிறது, கல்லுமலையில் கல் ஏற்றுகிற லாரி போகிற பாதையெல்லாம் சேறு. கடைக்கூரையில் ஒழுகின தகரத்தை மாற்றியாயிற்று. நம் வீட்டு ரம்புத்தான் இந்த வருஷம் காய்த்த காய்ப்புக்கு உனக்கு அனுப்ப முடியவில்லையே என்று இருந்தது, பாதிக்குமேல் குரங்குதான் தின்றது. அப்பா நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை. கோபம் வாய்க்கு மட்டும்தான், வயிற்றுக்கு இல்லை, தட்டைக் கழுவி எனக்குக் கேட்கிற மாதிரி டமார் என்று வைப்பார், நான் சோறு போடுவேன், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். காரணத்தை வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பாலாய் மண்டபத்தில், நம் தாமான் குடியிருப்புக்காரர்கள் ஐம்பது பேர் கூடியிருந்த இடத்தில், நான் உன் பெயரைச் சொன்னேன். பெருமைக்காகச் சொல்லவில்லை.

ஈப்போவிலிருந்து பெண்கள் அமைப்பு ஒன்று வந்திருந்தது. பெண்பிள்ளைகள் பயமில்லாமல் நடந்துபோக நம் தாமானில் எங்கே விளக்குப் போட வேண்டும், எங்கே புதரை வெட்ட வேண்டும் என்று கேட்டு எழுதி நகராண்மைக் கழகத்துக்கு மனு கொடுக்கப் போகிறார்களாம். நானும் இரண்டு தட்டு வடை சுட்டு எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனேன். தாமான் முழுவதையும் பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் சிவப்புப் பொட்டுகள் கொடுத்து, எந்த இடத்தைக் கடக்கும்போது பயமாக இருக்கிறதோ அங்கே ஒட்டுங்கள் என்றார்கள். நான் போய் லோங்காங் சாக்கடை ஓரமாகப் போகிற பின்வழியில் ஒட்டினேன், ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டைப் பக்கம், ஒற்றை விளக்குகூட இல்லாத இடம் அது, உனக்குத் தெரியும். பிறகு வடையைப் பரிமாறிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பின்வழியில் ஐந்தாறு பொட்டுதான் இருக்கிறது, பஸ் நிறுத்தத்துப் பக்கத்து முனையில் அம்மை போட்ட மாதிரி அப்பிக் கிடக்கிறது. அது என் கடை. நான் சும்மா இருந்திருக்கலாம், இருக்க முடியவில்லை, அட, அங்க என் கடைலா இருக்கு, இடம் மாத்தி ஒட்டிட்டீங்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் படிவம் படிக்கிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே, கடைதான் ஆண்ட்டி, அங்க உக்காந்துகிட்டு எங்களப் போன்ல வீடியோ எடுக்கிறாங்க, என்னென்னமோ சொல்லிக் கூப்பிடுறாங்க, நீங்க டீ ஆத்திகிட்டுத்தான் இருப்பீங்க என்றாள். பதினைந்து வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா, ஆள் நடமாட்டம் உள்ள இடம், விமலா அக்கா நிற்கிறாள், பெண்பிள்ளைகளுக்கு என் கடையே காவல் என்று. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து புனிதா எழுந்து வந்தாள், ஒரு பொட்டை எடுத்து என் கடைமேல் வைத்துப் பெருவிரலால் நன்றாக அழுத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

புனிதா, அப்பாவோடு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய அர்ச்சுனன் அண்ணனின் மகள். நீ ஐந்தாம் படிவம் முடித்து வேலைக்குக் காத்திருந்த வருஷம் அவள் நாலாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் நீயும் உன் கூட்டாளிகள் மூன்று பேரும் ரோட்டைப் பார்த்த மேசையில் உட்கார்ந்திருப்பீர்கள். அவள் பள்ளி உடுப்போடு முனை திரும்பியதும் நீ மேசையில் தட்டத் தொடங்குவாய், அவள் காலுக்குச் சரியாக. அவள் வேகமாக நடந்தால் தாளமும் வேகம், மெதுவாக நடந்தால் மெதுவாக, அவள் நின்றால் அதுவும் நிற்கும், மறுபடி கால் எடுத்து வைத்தால் மறுபடி தட்டு, நாலு பேரும் சேர்ந்து, பஸ் நிறுத்தம் போய்ச் சேரும் வரைக்கும். கை படவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, வெறும் மேசைதானேம்மா என்பாய். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவா, எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. ஒருநாள் அவள் கால் தடுக்கித் தடுமாறினாள், நீயும் தாளத்தைத் தடுமாற விட்டாய், நான் கரண்டியும் கையுமாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். உன்னைப் பார்க்கவில்லை ஐயா, என்னைப் பார்த்தாள். ஒரு பெரிய மனுஷி அங்கே நிற்கிறாளே, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று பார்த்தாள் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

அந்த வாரமே அர்ச்சுனன் அண்ணன் கடைக்கு வந்தார். டீ வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, அக்கா, பாப்பா பஸ் ஏறப் போகவே பயப்படுது, தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்கக்கா என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். நீங்கள் நாலு பேரும் உள்ளேதான் இருந்தீர்கள். உங்களுக்குக் கேட்கட்டும் என்றே நான், வயசுப் பசங்கன்னா அப்படித்தான்லா, உன் பொண்ணு குனிஞ்ச தலை நிமிராமப் போனா யாரு என்ன செய்யப் போறா என்றேன். நீங்கள் சிரித்த சத்தம் வெளியே கேட்டது. அவர் பாதி டீயை வைத்துவிட்டுப் போனார், அதற்குப் பிறகு என் கடையில் அவர் கால் வைத்ததே இல்லை. மறுநாளிலிருந்து அவளும் அந்த வழி வரவில்லை. லோங்காங் ஓரமாகச் சுற்றி அடுத்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள், ஏழு மாதம். நான் என்ன செய்தேன், அவளுக்கு ரொம்பத் திமிர் என்று நாலு பேரிடம் சொன்னேன். பாதி நாள் பஸ்ஸை விட்டுவிட்டு, பள்ளிக்கு நேரம் கழித்துப் போய், பிறகு போகாமலே இருந்தாள், கடைசியில் அவளைப் பாகான் செராயில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தமிழ்ப் பள்ளியில் முதல் மாணவியாக வந்த பிள்ளை, ஐந்தாம் படிவப் பரீட்சையில் பாதிப் பாடம்கூடத் தேறவில்லை. இதையெல்லாம் நான் அப்போதே கேள்விப்பட்டேன், கேட்டுவிட்டு வடை மாவு அரைக்கப் போய்விட்டேன்.

பாலாயில் பொட்டு ஒட்டி முடித்ததும் தாமான் சங்கத் தலைவர் சன்னாசி அண்ணன் எழுந்து, நம்ம பையனுங்க யாரும் இப்படிச் செய்ய மாட்டானுங்க, கல்லுமலையில வேலை செய்யிற வெளிநாட்டுக்காரனுங்கதான் என்று முழங்கினார். நாலு ஆம்பளைகள் கை தட்டினார்கள். ஐயா, அந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் என் கடையில் டீ குடிப்பதே நின்றபடிதான், தலையைத் தூக்காமல் குடித்துவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் தலையில் இது விழப்போகிறது என்றதும் நான் எழுந்துவிட்டேன். வெளியாள் இல்லண்ணே, என் கடையிலதான் நடந்துச்சு, இப்பவும் நடக்குது, அன்னிக்கு மேசையில தட்டினது என் மகன் ஷர்வின், கூட நின்னு சிரிச்சது நான் என்றேன். மற்ற மூன்று பேரின் பெயரை நான் சொல்லவில்லை, அதை அவரவர் தாய் சொல்லட்டும். அப்பா கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனார். அதிலிருந்துதான் இந்த நாலு நாள் மௌனம். பிள்ளையைச் சபையில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவருக்கு. இருக்கட்டும், அர்ச்சுனன் அண்ணன் அன்றைக்கு என் கடையில் வாங்கிக்கொண்டு போன அவமானம் மட்டும் என்னவாம்.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் புனிதாவைப் பிடித்தேன். அர்ச்சுனன் அண்ணனுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்ததிலிருந்து அவள் இங்கேதான் இருக்கிறாள், பாலர் பள்ளியில் வேலை. என்னை மன்னிச்சுடு தாயி என்று கையைப் பிடிக்கப் போனேன், அவள் கையைக் கொடுக்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. அவங்க தட்டினது கூட மறந்துபோச்சு ஆண்ட்டி, நீங்க சிரிச்சதுதான் மறக்கல என்றாள். என் மகன் தீபாவளிக்கு வரும்போது நேரில் வந்து மன்னிப்புக் கேட்பான் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். வேணாம் ஆண்ட்டி, போன தீபாவளிக்குப் பலகாரத் தட்டோட வந்தாரு, அப்பாகிட்ட உக்காந்து பேசினாரு, என்னைப் பாத்து எப்படி இருக்க புனிதான்னு சிரிச்சாரு, அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல, நான் குசினிக்குள்ள போயி, அவரு போற வரைக்கும் அடுப்படியிலயே நின்னேன், இனிமே அவரு எங்க வாசலுக்கு வர வேணாம், அது ஒண்ணு செய்யுங்க போதும் என்றாள். செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன், உனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லையா ஐயா? இல்லை என்றால் இல்லை என்றே எழுது, அம்மாவைச் சமாதானப்படுத்த ஒன்றும் எழுதாதே. உனக்கும் ஒரு மகள் இருக்கிறாளே என்று சொல்லி உன்னை மடக்கலாம், ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். புனிதாவும் ஒரு வீட்டுப் பிள்ளைதான், அவளுக்காக வருத்தப்பட உனக்கு ஒரு மகள் பிறந்திருக்க வேண்டுமா. அவள் போன் எண்ணை யாரிடமும் கேட்காதே, அதில் மன்னிப்பு அனுப்பாதே, அவள் கேட்காததை அவள் தலையில் வைக்காதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, கோபமெல்லாம் என்மேல்தான். பதினெட்டு வயதில் நீ கற்றுக்கொண்டதை நான் அடுப்படியில் நின்று கற்றுக்கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமையே ரோட்டோர மேசைகளைப் பின்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டேன். போனைத் தூக்கிய ஒருத்தனிடம், சாப்பிட வந்தா சாப்பிடு, இல்ல கிளம்பு என்றேன், ஆண்ட்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனான், அவனும் அவன் கூட்டாளியும் வருவதில்லை. விளக்குப் போடுகிறோம் என்று நகராண்மைக் கழகத்திலிருந்து சொல்லியிருக்கிறார்களாம், போட்டால் பார்ப்போம். நேற்று அந்த மூன்றாம் படிவப் பிள்ளை கடையைத் தாண்டிப் போனாள், என்னைப் பார்க்கவில்லை, ஆனால் ஓடவும் இல்லை. நான் பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

குளிரில் பாப்பாவுக்குக் காது மூடிவிடு, பிரதீபாவை வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு விடாதே. நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசோடு, நல்ல பேரோடு வாழ வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன், அப்பாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதிவிடுகிறேன். ஒன்றை மறக்காதே. தீபாவளி அன்று காலையில் கோயிலுக்குப் போக நம் வீட்டிலிருந்து அர்ச்சுனன் அண்ணன் வாசலைத் தாண்ட வேண்டும். நீ அந்த வழி போகாதே. லோங்காங் ஓரமாகப் போ, குட்டையைச் சுற்றி. இருபது நிமிஷம் கூட ஆகும், மழை பெய்திருந்தால் முழங்கால் வரை சேறாகும், புது வேட்டி பாழாகும். பரவாயில்லை, நானும் உன்கூட வருகிறேன். அவள் அதில் தனியாகத்தான் போனாள்.

உன்னைப் பெற்றவள்,
விமலா