குறைத்து எழுதிய மாத அறிக்கை

இன்று காலை எங்கள் தெருச் சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் காலமாகி ஒரு மாதம் ஆகிறது.

எண்பதுகளின் கடைசியில் அருள்புரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாம் இருவர்தான் டாக்டர்கள். பொறுப்பு உங்களுடையது. மாத அறிக்கையை வைத்துத்தான் நிலையங்களுக்குத் தரவரிசை. பனியன் கம்பெனி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து பேதியோடு வருகிற அத்தனை பேரையும் நீங்கள் எழுதுவீர்கள். அதனாலேயே மாவட்டக் கூட்டத்தில் நமக்குக் கடைசி இடம், திட்டு. "நோவு இருக்குதுன்னு சொன்னா மோசமான ஆஸ்பத்திரி, மறைச்சா நல்ல ஆஸ்பத்திரிங்களா?" என்று திரும்பும் வழியெல்லாம் பொருமுவீர்கள்.

நீங்கள் விடுப்பில் இருந்த மாதம் அறிக்கையை நான் எழுதினேன். உங்களை இனியும் நிற்க வைத்துத் திட்டக் கூடாது என்று பேதி எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தேன். எனக்கும் திட்டு வாங்கி அலுத்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டு வந்தது. அந்த எண்ணிக்கையை வைத்தே, அடுத்த மாதம் சலைன் பாட்டில்களும் பாதிதான் வந்தன.

மழை பெய்து லைன் வீடுகளில் வாந்தி பேதி பரவியது. மூன்றாம் நாளே பாட்டில் தீர்ந்தது. தெற்கத்திச் சீமையிலிருந்து பனியன் செக்கிங் வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், நான்கு வயது மகளைத் தூக்கி வந்தாள். நீங்களே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குக் கிளம்பினீர்கள். பாதி வழியில் குழந்தை போய்விட்டது.

திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தவள், "நேத்தே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாளா சார்?" என்று கேட்டாள்.

"நீங்க நேரத்துக்குத்தானுங்கம்மா வந்தீங்க. எங்ககிட்டத்தான் மருந்து இல்லீங்க" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அறிக்கையில் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டு மெமோ உங்கள் பெயருக்கு வந்தது. கோப்பில் என் கையெழுத்தைப் பார்த்தீர்கள். "அறிக்கைக்கு நானே பொறுப்பு" என்று ஒரே வரியில் பதில் எழுதினீர்கள். உங்களைக் குண்டடம் பக்கம் மாற்றலில் தூக்கியடித்தார்கள். கிளம்பும் நாளில் அழுதேன். "வுடுங்க மேடம், நல்லதுக்குன்னு நெனச்சுத்தானுங்க எழுதுனீங்க" என்றீர்கள்.

நீங்கள் மன்னித்தது உங்கள் பங்கை மட்டும்தான். அந்தப் பெண் அதற்குப் பிறகும் ஒரு வாரம் அருள்புரத்தில்தான் இருந்தாள். நடந்து போகிற தூரம். கணக்கைக் குறைத்தது நான்தான் என்று சொல்ல நான் போகவில்லை. தன் ஊரில் எங்கோ, நீங்கள் சொன்னதை வெறும் ஆறுதல் என்று நினைத்து, ஒரு நாள் முன்னால் தூக்கிப் போயிருக்கலாமே என்று அவள் இன்னமும் தன்னையே நொந்துகொண்டிருப்பாள்.