மங்கோலியாவுக்கு ஸ்வெட்டர் வேண்டாமாம்

என் பிரியமுள்ள ஜெபா அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு நம் சபையில் ஒரு கூத்து நடந்தது. இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

மங்கோலியாவில் நீங்கள் வருஷந்தோறும் போய் ஊழியம் செய்த சின்னச் சபைக்கு உதவ வேண்டும் என்று கமிட்டியில் பேசினார்கள். கமிட்டித் தலைவர் செல்லையா அண்ணன், "அங்க குளிரு ஆளையே கொன்னுரும்லா, எல்லாரும் ஸ்வெட்டர் கொடுங்க" என்றார். மலேசிய வெயிலில் கிடக்கும் நம் ஈப்போக்காரர்களிடம் ஸ்வெட்டர் ஏது? கேமரன் மலைக்குச் சுற்றுலா போனபோது வாங்கியதுதான். நெஞ்சில் ஸ்ட்ராபெரி படம் போட்ட மெல்லிசு ஸ்வெட்டர்கள் பெட்டி பெட்டியாகப் போயின. நானும் இரண்டு கொடுத்தேன்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் ஒயுனா வீடியோவில் கூப்பிட்டாள். அந்தச் சபையை நடத்துகிறவள், உங்களை அப்பா என்று அழைத்தவள். அவள் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னதை நம் மகள் ஜெபாதான் எனக்குச் சொன்னாள். "எங்கள் ஊரில் மனிதரைவிட ஆடுகள் அதிகம் அம்மா, கம்பளிக்குக் குறைவே இல்லை." உங்களுக்கு ஆட்டுத்தோல் கோட்டு தைத்துக் கொடுத்த ஊருக்கா நாம் ஸ்வெட்டர் அனுப்பினோம்!

பிறகு அவள் சிரிக்கவில்லை. கம்யூனிஸ்டு ஆட்சி போய் அரசுப் பண்ணையை மூடியதும் இளவட்டங்கள் தலைநகருக்குப் போய்விட்டார்களாம். படுக்கையில் விழுந்த முதியவர்களுக்குச் சபைப் பெண்கள்தான் சூப் ஊட்டுகிறார்கள். ஆனால் சரியாகப் புரட்டிப் படுக்கவைக்கத் தெரியவில்லை, முதுகெல்லாம் புண். "இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தால் போதும்" என்றாள்.

சுங்கை சிப்புட்டில் நாம் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்றபோது நாமும் இப்படித்தானே கிளம்பி ஈப்போவுக்கு வந்தோம்? தோட்டத்து லயன் வீடுகளில் தங்கிவிட்ட பெரியவர்களை யார் புரட்டிப் போட்டார்கள்?

உங்களை வாதம் படுக்கையில் தள்ளிய பிறகு, ஆஸ்பத்திரித் தாதி காட்டிக்கொடுத்தபடி செய்து, கடைசிவரை உங்கள் முதுகில் ஒரு புண் வர நான் விடவில்லை. அந்த வேலை உங்களோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

அடுத்த கமிட்டியில் எழுந்து, நான் போகிறேன் என்றேன். செல்லையா அண்ணன் திகைத்துப்போனார். "ஊழியத்துக்குப் பிரசங்கம் பண்ற ஆளுல்ல வேணும்?" என்றார். "பிரசங்கம் அவரு நெறையப் பண்ணிட்டாருண்ணே. இப்ப அங்க தூக்கிப் புடிக்க ஆளு வேணும்" என்றேன்.

வீட்டில் ஜெபாதான் விடவில்லை. "பஸ்ல ஏர்கோன் போட்டாலே சால்வை தேடுறீங்க. அங்க போயி எப்படிலா இருப்பீங்க?" என்று அழுதாள். அப்பாவைக் கொடுத்தாயிற்று, அம்மாவையும் கொடுக்க வேண்டுமா என்று பயப்படுகிறாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான்.

உங்கள் கோட்டு கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கியது. பூஞ்சணம் பிடிக்காமல் அவ்வப்போது வெயிலில் போடுவேன். யார் கேட்டும் கொடுக்கவில்லை, ஜெபாவைக்கூடத் தொட விட்டதில்லை. நேற்று எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கோட்டின் கை என் விரலைத் தாண்டித் தொங்கியது. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒருவரைத் தூக்க முடியுமா?

வெட்டி, என் அளவுக்குத் தைத்துவிட்டேன். நீங்கள் திரும்பி வந்தாலும் இனி அது உங்களுக்குப் பொருந்தாது. தைத்து முடித்துத்தான் அழுதேன்.

ஒயுனாவும் அந்தப் பெண்களும் நன்றாகக் கற்றுக்கொள்ளும்வரை திரும்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்படும்,
உங்கள் மனைவி, ஜெபாவின் அம்மா