ரெண்டு செர்வர், ரெண்டு ஆள்

ஆகஸ்ட் 4, திங்கள்
வெயில் கொளுத்துது. ஃபேக்டரியோட பழைய செர்வர்ல கடைசி ஒண்ணையும் இன்னிக்கு அணைச்சாச்சு. சம்பளம், ஸ்டோர், கேட், லேப், எல்லாத்துக்கும் தனித்தனிப் பெட்டி இருந்தது. இப்ப ரெண்டே பெரிய பெட்டி, எல்லாம் அதுக்குள்ள. ரூம்ல ஏர்கோன் ஒண்ணு போதும். சத்தமே இல்ல.
என்னோட கான்ட்ராக்ட்ல வேலை பாக்கிற சிவம் அண்ணே ஒயரெல்லாம் சுருட்டிக் கட்டினார். "இனிமே நிம்மதி லா, தங்கச்சி." எனக்கு முதுகு வலி. கடையில புங்குஸ் பண்ணி, பொட்டலமா வாங்கின மீ நூடுல்ஸ் பிரிக்காம அப்படியே இருக்கு.

ஆகஸ்ட் 6, புதன்
மேனேஜர் லிம்முக்கு ரிப்போர்ட். என்ன லாபம்?
- கரண்ட் பில் குறையும்
- புது மெஷின் வாங்க வேணாம்
- ஒரு பெட்டி செத்தா, அதுல இருந்த வேலையை மத்தது எடுத்துக்கும்
லிம் படிச்சுட்டு, "லாகி? வேற என்ன? ஆள் குறையுமா?"
குறையாதுன்னேன். ரிப்போர்ட் ஓரத்துல எதையோ குறிச்சுக்கிட்டார். அதுதான் உறுத்துது.

ஆகஸ்ட் 8, வெள்ளி
லீவு. இங்க வார லீவு வெள்ளி, சனிதான்; இன்னிக்கு டியூட்டி அண்ணேக்கு. நான் பாலிங் டவுன்ல அக்கா வீட்டுல. டுரியான் பழம் உடைக்கும்போது அண்ணே போன். ஒரு செர்வர்ல பவர் சப்ளை போச்சாம். கார் சாவியைத் தேடினேன்.
"வராத மா. எல்லாம் தானா அடுத்ததுக்குப் போயிருச்சு. ஸ்டோர்ல ஒருத்தனுக்கும் தெரியல. நான் இங்கயே இருந்து பாத்துக்கிறேன்."
முன்னெல்லாம் இப்படின்னா பாதிச் சோத்துல எழுந்து ஓடுவேன். இன்னிக்கு கை நிறைய டுரியான். மத்தியானம் செத்த மாதிரி தூக்கம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
மீட்டிங். லிம் எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டினார். பகுஸ், பகுஸ், ரொம்ப நல்லதுன்னு. முடிஞ்சதும் தனியாக் கூப்பிட்டு: "பெட்டி போனது ஒருத்தருக்கும் தெரியல இல்லையா? அப்ப ரெண்டு பேர் எதுக்கு?"
அண்ணே கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்க மாட்டாங்களாம்.
கேன்டீன்ல அண்ணே எனக்கும் சேத்து தே ஓ, பால் இல்லாத டீ, வாங்கி வச்சிருந்தார். விஷயத்தைச் சொல்லாமலே குடிச்சேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
மழை. காலையிலேயே லிம் ரூம். உக்காரச் சொன்னார், நின்னுக்கிட்டே சொன்னேன்.
"போன பவர் சப்ளைக்குப் புது பார்ட் இன்னும் வரல. ஃபேக்டரி முழுக்க இப்ப ஒரே பெட்டியில ஓடுது. வெள்ளிக்கிழமை நான் பாலிங்ல இருந்தேன், சிவம் இங்க இருந்தார். அவர் இல்லன்னா எனக்கு லீவே கிடையாது. அப்படி என்னால முடியாது. நானும் போயிடுவேன்."
யோசிக்காம வந்துருச்சு. வீட்டுக் கடன் எல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.
லிம், அண்ணேவோட கான்ட்ராக்ட் ஃபைலை எடுத்தார். "சிவத்தை டிசம்பர் வரைக்கும் வச்சுக்கலாம். அப்புறம் பாக்கலாம்."
அண்ணேகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவருக்கு முன்னாடியே தெரியுமாம், எச்.ஆர்.ல யாரோ சொன்னாங்களாம். அந்த தே ஓ வாங்கித் தந்தப்பவே தெரியும்.
"டிசம்பரா," அப்படின்னார். "சின்ன மகளுக்கு எஸ்.பி.எம். பரீட்சை அதுக்குள்ள முடிஞ்சிரும்."
சந்தோஷமாச் சொன்னாரா, தெரியல. கேக்கத் தெம்பு இல்ல.