அத்தை வீட்டு ஃப்ரிட்ஜும் நீ விற்ற வாரண்டியும்

அன்புள்ள வாலுவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அத்தை வீட்டு ஃப்ரிட்ஜைத் தவிர எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம், இப்போது அதுவும் நன்றாக இருக்கிறது, நீயும் காய்ச்சல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசியிருக்கலாம், ஆனால் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், உன் அம்மா நடுவில் நின்று கண்ணைக் கசக்குவாள், அதனால்தான் காகிதம். கொஞ்சம் பதமாக எழுதுங்கள் என்று அவள் இப்போதும் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பதமாக எழுத வராது என்பது உனக்கே தெரியும். டிப்ளமோ முடித்த கையோடு உனக்கு அப்பாவானவன் நான், இன்றைக்கும் நம் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உன் அண்ணனா என்று கேட்கிறார்கள், பொறுமை வருகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்.

ஷோரூமில் கூடுதல் வாரண்டி விற்கிற பிரிவுக்கு உன்னைப் பொறுப்பாகப் போடப் போகிறார்கள், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதை எப்படி விற்பது என்று நீதான் சொல்லித்தர வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள், என்னப்பா சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் அத்தை வீட்டில் நடந்ததைக் கேள், ஏனென்றால் உனக்குப் பாதிதான் தெரியும். அந்த ஃப்ரிட்ஜை உன் கடையில் உன் மூலமாக வாங்கியபோது, கம்பெனி தருகிற ஒரு வருஷத்துக்கு மேலே இன்னும் சில வருஷத்துக்கு என்று நீ ஒரு வாரண்டியைச் சேர்த்துப் போட்டாய். அத்தையும் பிள்ளை சொல்கிறதே என்று தலையாட்டினாள். போன மாதம் ஒரு நாள் காலையில் பால் திரிந்து, உள்ளே இருந்ததெல்லாம் வியர்த்துக் கிடந்திருக்கிறது. அடுத்த தெருவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் பிரித்துப்போட்டுப் பிழைக்கிற சொந்தத் தம்பி நான் ஒருவன் இருக்கிறேன், என்னைக் கூப்பிடாமல் எங்கேயோ இருக்கிற உன்னைக் கூப்பிட்டாள். நீயும் அந்த உதவி எண்ணைக் கொடுத்து, யார் வந்தாலும் பின்பக்கத்தைத் திறக்க விடாதே, முக்கியமாக அப்பாவை விடாதே என்று சொல்லியிருக்கிறாய். விதிப்படி நீ சொன்னது சரிதான், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு விஷயமே தெரியாது. ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், சமையலறையில் ஃப்ரிட்ஜ் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, கதவு மூடாமலிருக்க ஒரு நாற்காலியை அண்டைக் கொடுத்திருக்கிறாள், கீழே பழைய துண்டு விரித்திருக்கிறது. நின்று கேட்டேன். பின்னால் டக் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டக். கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கிறது, முடியாமல் விட்டுவிடுகிறது. அதைக் கிளப்பிவிடுகிற ரிலே போயிருக்கிறது, உள்ளங்கையில் அடங்குகிற சாமான், அவ்வளவுதான், புதிது ஒன்று என் பையிலேயே கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததுதான் தாமதம், என் அக்கா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். "பாப்பா தொட விடாதேன்னு சொல்லியிருக்கா. நீ தொட்டா வாரண்டி போயிடும். போடா அந்தப் பக்கம்." உன் மாமா இதையெல்லாம் பார்த்துவிட்டு, வீட்டில் டாக்டரை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கிறோம் என்று சிரித்தார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவருடைய இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். அதை எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, வேளைக்கு வேளை அத்தை தெருவைத் தாண்டிப் போய் வருகிறாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியில் ஏறி இறங்குகிறாள். ஒரு நாள் தையல்காரம்மா தைத்த துணியைக் கொடுக்க வெளியே போய்விட்டாள், பூட்டின கதவுக்கு முன்னால் அத்தை உட்கார்ந்திருக்கிறாள், இங்கே மாமா சாப்பாட்டுத் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு ஊசிக்காகக் காத்திருக்கிறார். உதவி எண்ணில் கேட்டால் பாட்டு போடுகிறார்கள், ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்கிறார்கள், எங்கள் நிபுணர் விரைவில் தொடர்புகொள்வார் என்று குறுஞ்செய்தி வருகிறது, நிபுணர்தான் வரவில்லை.

நிபுணர் யார் தெரியுமா, நான்தான். அந்த வாரண்டிக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு மெக்கானிக் கூடக் கிடையாது, ஊருக்கு ஊர் எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வேலையைத் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் முதலாளி அதில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், முதல் கட்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தபோது என் கைக்கு வந்த சீட்டில் என் அக்கா வீட்டு முகவரி. பக்கத்து மேசைக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அவர்கள் அனுப்பிய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அத்தை அந்த அட்டையைக் கையில் பிடித்துப் படம் என்னுடையதுதானா என்று பார்த்துவிட்டுத்தான் வழி விட்டாள். அவள் போட்ட டீ ஆறுவதற்குள் ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்துவிட்டது. அதே கை, அதே ரிலே. அட்டை இல்லாத அன்றைக்கு அந்தக் கை தொட்டிருந்தால் வாரண்டி செத்துப்போயிருக்கும், அட்டை மாட்டினதும் நான் நிபுணர். இதைக் கண்டுபிடித்தவனை நேரில் பார்த்தால் கேட்க எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன.

நீ கேட்டதற்கு வருகிறேன். இந்தச் சாமான்கள் எப்போது கெடும் என்று தினம் பிரித்துப் பார்க்கிறவன் சொல்கிறேன். ஒன்று, தயாரிப்பிலேயே கோளாறு இருந்து வாங்கின புதிதில் கெடும், அதற்குக் கம்பெனியே பொறுப்பு. இல்லை, பல வருஷம் உழைத்துத் தேய்ந்து கெடும், அதற்குள் நீ விற்ற காகிதம் காலாவதியாகியிருக்கும். நடுவில் அது பெரும்பாலும் ஒழுங்காக ஓடுகிற காலத்துக்குத்தான் நீங்கள் காசு வாங்குகிறீர்கள். தப்பித்தவறி அப்போது கெட்டாலும், கரண்ட் ஏறி இறங்கினால் கிடையாது, எலி கடித்தால் கிடையாது, ஈரம் பட்டால் கிடையாது. எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். கீழே போட்டாலும் மாற்றித்தருவோம் என்கிற திட்டத்தை உன் அம்மா ஃபோனுக்கு நானே வாங்கினேன், ஃபோனை நம்பாமல் அல்ல, அவள் கையை எனக்குத் தெரியும் என்பதால். (இதை அவள் படித்துவிட்டாள், முறைக்கிறாள்.) யாருக்கு, எதற்கு என்று பார்த்துச் சொன்னால் அது வியாபாரம். வருகிறவர் போகிறவர் எல்லோர் தலையிலும் கட்டினால் அதற்குப் பெயர் வேறு. நீ இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறாய், நாங்கள் நிம்மதியை விற்கிறோம் அப்பா என்று போன தடவை சொன்னாய். உன் அத்தை அந்த நிம்மதியைத்தான் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து அனுபவித்தாள்.

வேலை முடிந்து பையைக் கட்டும்போது அவளிடம் கேட்டேன், பால்காரனிடம் அரை டம்ளர் குறைந்தால் தெருவே கேட்கிற மாதிரி சண்டை போடுகிறவள், இவர்களிடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று. துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "புகார் பண்ணினா அது பிள்ளை தலையில விடியும்னு பயமா இருந்துச்சுடா." அந்த இடத்தில்தான் கம்பெனி மேல் இருந்த கோபம் உன் பக்கம் திரும்பியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னது எனக்கு மறக்கவில்லை, "வயசானவங்ககிட்ட ஈஸிப்பா, கொஞ்சம் அக்கறையா பேசினா போதும்." அன்றைக்குக் கெட்டிக்காரி என்று நானும் சிரித்தேன். இனி நீ மற்றவர்களுக்குச் சொல்லித்தரப் போவது அதைத்தான். உன் அக்கறை பொய் என்று நான் நினைக்கவில்லை, அத்தை மேல் உனக்கு இருப்பது நிஜம், நிஜமாக இருப்பதால்தான் அது விற்கிறது, அதனால்தான் அவள் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

ஆகவே என் பதில், வேண்டாம். டிவி விற்றுக்கொள், மிக்ஸி விற்றுக்கொள், சாமானைத் தூக்கி அடுக்குகிற வேலை கொடுத்தாலும் செய், இந்தப் பொறுப்பை வாங்காதே. மறுத்தால் மேனேஜர் முகம் சுளிப்பார், அடுத்த உயர்வு தள்ளிப்போகும், தனியாக வாடகை கட்டிக்கொண்டு இருக்கிறவளுக்கு அது சின்ன விஷயமில்லை என்றும் தெரியும். ஆனாலும் முடிவு உன்னுடையது, நீ எதைச் செய்தாலும் என் மகள்தான், பேசாமல் இருந்துவிட மாட்டேன், இன்னும் அதிகமாகத்தான் பேசுவேன்.

உன் அயர்ன் பாக்ஸ் வயர் பிய்ந்திருக்கிறது என்றாயே, டேப் சுற்றி ஒப்பேற்றாதே, வயரையே மாற்று. ராத்திரி வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உடம்பும் மனசும் நன்றாக இருந்து நீ நீடூழி வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் முழுவதும் உனக்கு, அந்தப் பதவிக்கு மட்டும் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. மறக்காமல் அத்தைக்கு ஃபோன் செய். ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது என்றுதான் சொல்லுவாள், அதோடு வைத்துவிடாதே, மாமாவின் மருந்து எங்கே இருக்கிறது என்று கேள். இன்னும் தையல்காரம்மா வீட்டில்தான் இருக்கிறது. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, எதற்கும் அங்கேயே இருக்கட்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
கத்தாமல் எழுதி முடித்த உன் அப்பா