படிக்குக் கீழே கழட்டிவிட்ட ஷூ

அன்புள்ள அம்மாவுக்கு,

தாரணி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உங்க முட்டுவலி எப்படி இருக்கு? அப்பா மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா?

என் பிறந்தநாளுக்கு ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து, இந்தப் போர்ட்டோ ஊரைச் சுத்திக் காட்ட எனக்கே எனக்குன்னு ஒரு கைடை ஏற்பாடு பண்ணுனாங்க. இனேஸ்னு பேரு, என் வயசுதான். ஆத்தங்கரையில பழைய வீடுங்க, பெரிய பாலம், பீப்பாய் ஏத்துன படகு எல்லாம் காட்டிட்டு, "மேட்டுல பழைய சர்ச் இருக்கு, படியேறலாமா?"ன்னாங்க.

படின்னதும் எனக்குப் பழனி நெனப்பு. கீழ இருந்த பொம்மைக்கடை வாசல்ல ஷூவைக் கழட்டிவிட்டுட்டு ஏற ஆரம்பிச்சிட்டேன். நம்ம பஞ்சாமிர்தக் கடையில எல்லாரும் விட்டுட்டுப் போவாங்கல்ல, அந்தப் பழக்கம்! இனேஸ் முழிச்சாங்க. விஷயத்தைச் சொன்னதும் "அப்போ நானும்"னு கழட்டிட்டாங்க. குளிர்ல ரெண்டு பேரும் குதிச்சுக் குதிச்சு ஏறுனதைப் பார்த்து வந்தவங்க போனவங்கல்லாம் ஒரே சிரிப்பு. பயப்படாதீங்க, சளியெல்லாம் பிடிக்கல.

எறங்கி வந்தா, கடைக்காரம்மா எங்க ஷூவையெல்லாம் வெளிய பார்த்தாப்புல திருப்பி வரிசையா வச்சிருந்தாங்க. மலை எறங்கி வர்றவங்க மாட்டிட்டுக் கெளம்ப வசதியா நீங்க வைப்பீங்களே, அப்படியே! எனக்குச் சிரிப்பு தாங்கல, கண்ணுல தண்ணியும் வந்துருச்சு.

அவங்களுக்கும் இனேஸுக்கும் பஞ்சாமிர்தம் அனுப்புங்க. எனக்குக் கொஞ்சம் மலைப்பூண்டு போதும்.

பஸ் வந்துருச்சு, முடிக்கிறேன். நம்ம கடை வாசல்ல கெடக்குற என் ரப்பர் செருப்பை மட்டும் திருப்பி வச்சிராதீங்க. உள்ள பார்த்தே கெடக்கட்டும். நான் போறவ இல்லம்மா, வர்றவ.

உங்க மக,
தாரணி