நம்பர் அழிஞ்ச பலகைங்க

அத்தா,
பட்டறைச் சாவியத் தேடாதீங்க. என்கிட்டதான் இருக்கு.

காளியப்பன் மாமா கேட்ட மேசைக்கு நீங்க சாக்பீசுல வரிசை நம்பர் போட்டு வெச்ச அஞ்சு பலகையையும், ஒட்டறதுக்கு முன்னாடியே இழைச்சுட்டேன். நம்பர் போயிருச்சு. ஒட்டிட்டுப் பாத்தா ரெண்டு கருப்பு வாகையும் பக்கத்துல பக்கத்துல நிக்குது, மூணு மஞ்சப் பலாவுல ரெண்டும் அப்படியே. ராத்திரி மணி பன்னெண்டாச்சு. இனிமே பட்டறைக்குள்ள வராதேன்னு சொல்லிருவீங்களோன்னுதான் பயம்.

விடியக்காலம் ஸ்பெஷல் கிளாஸ் போயிட்டு ஒம்பதுக்கு வாரேன். ஒரே மரம் ரெண்டு சேந்து ஒட்டுன ரெண்டு எடத்துலயும் ஒவ்வொரு வெட்டு. நடுத்துண்டத் திருப்பி ஒட்டுனா வாகையும் பலாவும் மாறி மாறி வந்துரும். அகலம் ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச் கொறையும், அத மாமாகிட்ட நானே சொல்றேன்.

ஹஃப்சா

காலையில இட்லிய ஹாட்பாக்ஸ்ல வெச்சுட்டுப் போறேன். திட்டறதுன்னா திட்டுங்க அத்தா, ஆனா அறுக்கறது நான்தான்.